குறைத்துக் கேட்பவனுக்கே

1807 டிசம்பர் 29, ஹால்ஸ்டன் துறைமுகம்

ராஜா இல்லாத நாடு என்று சொல்லித்தான் என்னைக் கப்பலேற்றினார்கள். ராஜா இல்லைதான். அவர் செய்யக்கூடிய முட்டாள்தனத்தை எல்லோருமாகச் சேர்ந்து ஓட்டுப் போட்டுச் செய்துகொள்கிறார்கள்.

இன்று தலைநகரிலிருந்து ஒரு தாள் வந்து சுங்கக் கச்சேரிக் கதவில் ஒட்டப்பட்டது. இங்கிலாந்தும் பிரான்சும் தங்கள் சண்டையில் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொள்கின்றனவாம். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த மருந்து, தங்கள் கப்பல்களைத் தாங்களே கட்டிப்போடுவது. இனி எந்தக் கப்பலும் எந்த வெளிநாட்டுக்கும் புறப்படக்கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். சுங்கக்காரர் தோளைக் குலுக்கினார்.

நான் பரங்கிப்பேட்டை ஹபீப் நைனா மரைக்காயர், துணித் தரகன். அமாசா கிரிஃபித் என்ற இவ்வூர்க் கப்பல் முதலாளி எங்களிடம் வாங்கிய கைக்குட்டைத் துணி நீளம் குறைகிறது என்று இங்கே புகார். வந்து அளந்து காட்டும்படி அவருடைய கேப்டன் என்னைக் கூட்டிவந்தார். அளந்தேன். துணி சரியாக இருந்தது, இவர்களுடைய அளவுகோல்தான் நுனி தேய்ந்திருந்தது. ஜனவரியில் அதே கப்பலில் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. என் மகள் ஹவ்வாவின் நிக்காஹை நான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கப்பலின் பெயர் 'டிஸ்பாட்ச்'. விரைவு என்று பொருள். துறையில் கட்டிக் கிடக்கிறது.

இந்தப் புத்தகம் துணி அளவு குறிக்கக் கொண்டுவந்தது. அளக்கத் துணி இல்லை. இவர்களை அளந்து வைக்கிறேன்.

1808 ஜனவரி 6

நான் தங்கியிருப்பது டார்கஸ் பெல் என்ற விதவையின் வீட்டில். வயது அறுபத்திரண்டு. கப்பல்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள். வீடு அமாசாவுடையது, இவள் அவருக்கு வாடகை கட்டுகிறாள். சிரிப்பது பாவம் என்று யாரோ சிறுவயதில் சொல்லி நம்பிவிட்டாள் போலிருக்கிறது. சமையலோ, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதை இந்த நாட்டுக்கு யாரும் சொல்லவில்லை. மீனைத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே தட்டில் வைக்கிறாள்.

உருளைக்கிழங்கைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருந்தாள். தொடமாட்டேன் என்றேன்.

"ஏன், உன் சாமிக்குப் பன்றி மேல என்ன கோபம்?"

"கோபமில்லை. கட்டளை."

"அப்போ பட்டினி கிட," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர்கள் பேசுவதையெல்லாம் என் பாஷையில்தான் எழுதிக்கொள்கிறேன்.

மாடியில் இன்னொரு அறையில் உதுமான் இருக்கிறான். நாகூர்க்காரன், எங்கள் கப்பலில் பாய் ஏற்றுகிறவன். அவன் ஒருவனோடுதான் தமிழ் பேசக் கிடைக்கிறது. வயதில் மூத்தவன் என்று என்னைக் காக்கா என்கிறான், அவன் பேசாத நேரமில்லை.

ஜனவரி 11

சமையலறையில் புதிதாக ஓர் இரும்புச் சட்டி. தனியாக ஆணியில் தொங்குகிறது. என் மீனும் கிழங்கும் அதிலேயே வேகின்றன. கொழுப்பு விலை ஏறியிருக்கும்.

பிப்ரவரி 19

பனி. கப்பல்காரர்கள் வேலை தேடி உள்நாட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஆறு அறை, இருப்பது நாங்கள் இருவர்.

விறகு பிளந்தேன், குளிருக்கு உடற்பயிற்சி. அவளுக்காக அல்ல.

ஏப்ரல் 20

இன்று இந்த மாகாணத்தில் தேர்தல். அவர்களுடைய குடியரசை அளந்து பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று போய் நின்றேன்.

நிலம் உள்ளவனுக்கு ஓட்டு உண்டு. நிலம் இல்லாதவனுக்கு இல்லை. நிலம் உள்ளவனுடைய மூத்த மகனுக்கு, அவன் பெயரில் ஒரு சாண் மண் இல்லாவிட்டாலும், உண்டு. இளைய மகனுக்கு இல்லை. பிறப்பால் ஒருவன் மேலாகக்கூடாது என்று ராஜாவைத் துரத்தியவர்கள், மூத்தவனாகப் பிறந்தால் போதும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அமாசாவின் மூத்த மகன் காலையிலேயே குடித்துவிட்டு வந்தான். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, நாட்டின் தலைவிதியை நிர்ணயித்துவிட்டுப் போனான்.

கிழவியின் புருஷன் ராஜாவை எதிர்த்து ஏழு வருஷம் துப்பாக்கி தூக்கினவன். நிலம் இல்லை. சாகும்வரை ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லையாம்.

சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்: "எங்கள் ஊரில் இந்த மூத்தவன் பெருமை செல்லாது. வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானதும் ஆண்கள் எல்லோரும் மாமனார் வீட்டு விருந்தாளிகள்தான்."

அவள் யோசித்தாள். "நல்ல வழக்கந்தான். ஆமா, பொண்ணே பெறாத தாய் வயசான காலத்துல எங்க போவா?"

மீன் ஆறிவிட்டது என்றேன்.

மே 17

ஊர்ச்சபை என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆறு பேர், தலைவர் அமாசா. போன வருஷம் கைகுலுக்கி வரவேற்ற அதே கை மேசையைத் தட்டியது.

இவர்கள் வழக்கம் இது: வெளியூரான் இங்கே தங்கி ஏழையாகிவிட்டால் ஊர்தான் சோறு போடவேண்டும். அதனால் ஏழையாகும் முன்பே துரத்திவிடுவார்கள். எங்கே பிறந்தாய், நிலம் உண்டா, தொழில் என்ன என்று கேட்டார்கள். பரங்கிப்பேட்டை என்றேன். எழுத்தர் 'மெட்ராஸ்' என்று எழுதினார். மூன்று முறை திருத்தினேன். மூன்று முறையும் தலையாட்டிவிட்டு மெட்ராஸ் என்றே வைத்தார்.

தீர்ப்பு: மிஸ்டர் மெட்ராஸ் பத்து நாளுக்குள் இந்த ஊரை விட்டுத் தன் சொந்த ஊருக்குப் போய்விட வேண்டும்.

ஆணையை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். அங்கேதான் சுங்கக் கச்சேரி. "என்னைக் கப்பலில் அனுப்புங்கள்," என்றேன். தடைச் சட்டத்தைக் காட்டினார்கள். மாடியில் போ என்கிறார்கள், கீழே போகாதே என்கிறார்கள். நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுதந்திரத்தை அனுபவித்தேன்.

மே 31

ஊர்ச் சேவகன் என்னை வண்டியில் ஏற்றி, ஓடைக்கு அப்பால் பக்கத்து ஊரில் இறக்கிவிட்டான். அந்த ஊர்ச் சேவகன் என்னைத் தன் வண்டியில் ஏற்றி, இந்த ஊரில் இறக்கிவிட்டான்.

ஜூன் 2

மறுபடி.

ஜூன் 4

மறுபடி. இரண்டு ஊர்களும் வண்டிக்கூலிக்குச் செலவழித்ததில் எனக்கு ஆறு மாதம் சோறு போட்டிருக்கலாம். மூன்றாவது தடவை நான் திரும்பி வந்தபோது கிழவி வாசலில் நின்று சேவகனிடம் சொன்னாள்: "இன்னொரு தடவ இவன ஏத்துறதா இருந்தா என்னையும் ஏத்திக்கோ. உங்க சபை குடுத்த கடுதாசிய நான் பார்த்துக்கிறேன்."

அவன் போய்விட்டான். அவளுக்கு வாய் அதிகம். என் வாடகை நின்று நான்கு மாதமாகிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள்.

ஜூலை 4

சுதந்திரத் திருநாள். பீரங்கி வெடித்தார்கள். அமாசா வீட்டுத் தோட்டத்தில் விருந்து. 'எல்லா மனிதரும் சமம்' என்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசும்போது வயலெட் என்ற கறுப்புப் பெண் அவருக்குக் குடை பிடித்தாள். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் பிறந்தவர்கள்தான் விடுதலை என்று இந்த மாகாணத்தில் சட்டம். அவள் அதற்கு முன்னால் பிறந்துவிட்டாள். மகன் பின்னால் பிறந்தான். ஆகவே மகன் குடிமகன் ஆவான், பெற்றவள் சாகும்வரை அமாசாவின் சொத்து. சாத்தான் வேதம் ஓதுகிறது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இங்கே அதற்குக் கைதட்டலும் உண்டு.

திரும்பி வரும் வழியில் கிழவி தானாகவே ஒரு விஷயம் சொன்னாள். போர் முடிந்ததும் அவள் புருஷனுக்குச் சம்பளமாகக் கொடுத்தது வெறும் கடன் பத்திரங்கள். மளிகைக் கடையில்கூட வாங்கமாட்டார்களாம். பசி. ஒரு இளைஞன் வந்து அதில் எழுதியிருந்த தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு வாங்கிக்கொண்டான். அவள் புருஷனைப்போல் அறுபது சிப்பாய்களிடம் வாங்கினான். சில வருஷம் கழித்துப் புது அரசாங்கம் பத்திரங்களுக்கு முழுப்பணம் தருவதாக அறிவித்தது.

"அந்த இளைஞன்?" என்று கேட்டேன்.

"இப்பத்தானே அவன் பேச்சுக்குக் கைதட்டிட்டு வர்ற," என்றாள்.

நான் கைதட்டவில்லை. விரல் மரத்திருந்தது, தட்டிக்கொண்டேன்.

ஜூலை 23

தெருவில் எலீஷா என்ற கிழவரைப் பார்த்தேன். கோடையில் கிழிந்த கம்பளிக் கோட்டு, காலில் புண், ஒரு சாக்கைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனார். கேட்டதற்கு டார்கஸ் விளக்கினாள். எழுதிவைக்க வேண்டிய விஷயம்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பிழைக்க வழியில்லாதவர்களை ஏலம் விடுவார்கள். இவரை ஒரு வருஷம் வைத்துச் சோறு போட ஊர் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்பார்கள். ஒருவன் நாற்பது டாலர் என்பான். அடுத்தவன் முப்பத்தைந்து. இன்னொருவன் முப்பது. குறைத்துக் கேட்பவனுக்கே ஆள். ஹோசியா டன் என்ற பண்ணைக்காரன் இரண்டு வருஷமாக எலீஷாவை எடுக்கிறான், இந்தத் தடவை இருபத்தெட்டுக்கு.

"அப்படியானால் சோற்றைக் குறைத்தால்தானே அவனுக்கு லாபம்," என்றேன்.

"இதுக்கு மெட்ராஸ்ல இருந்து வரணுமா?" என்றாள். "போன குளிர்காலம் அவர் படுத்தது மாட்டுக்கொட்டகையில."

மனிதனைக் கூட்டி விற்பதைப் பல துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். குறைத்து விற்பது இங்கேதான். கேடுகெட்ட ஊர். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 15

கப்பல் ஓடாவிட்டால் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அமாசா ஆற்றங்கரையில் ஒரு நூல் ஆலை கட்டிவிட்டார். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் எழுபது கதிரைச் சுற்றுகிறது. பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். நூலை விரலில் உருட்டிப் பார்த்தேன். முடிச்சும் மொட்டும். சாக்குத் தைக்கலாம், அதுவும் அவசரத்துக்கு.

"பத்து வருஷத்துல உங்க ஊர்த் துணி எங்களுக்குத் தேவைப்படாது மிஸ்டர் மெட்ராஸ்," என்றார். "தரம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். வேலைக்கு வர்றீங்களா?"

இந்த நூலுக்குத் தரம் பார்ப்பதும் பிணத்துக்கு நாடி பார்ப்பதும் ஒன்று என்றேன். சிரித்தார். அவருக்கு வலிக்கவில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. நூல் மோசம், ஆனால் கதிர் நிற்கவே இல்லை.

அக்டோபர் 3

ஆலைப் பெண்களைத் தங்கவைக்க டார்கஸின் வீட்டை முழுதாக எடுத்துக்கொள்வதாக அமாசாவின் ஆள் வந்து கேட்டான். வாடகைப் பாக்கியையும் தள்ளிவிடுவார்களாம், அவளுக்குச் சமையல் வேலையும் தருவார்களாம். அவள் சம்மதிக்கவில்லை.

"அறையில ஆள் இருக்கு," என்றாளாம்.

உதுமான்தான் கேட்டுவிட்டு வந்து சொன்னான். "நம்ம ரெண்டு பேரையும் சொல்லுது காக்கா. நம்ம பைசா குடுத்து எத்தனை மாசமாச்சு?"

வியாபாரம் தெரியாத பெண்பிள்ளை. முட்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

நவம்பர் 20

பெருநாள். இவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்ததால் ஊரே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. உதுமானும் நானும் மாடியில் தொழுதோம். கீழே வந்தால் மேசையில் அரிசிச் சோறு. ஒரு வருஷத்துக்குப் பின் அரிசி. குழைந்து களியாகிவிட்டது, உப்பும் இல்லை. எங்கே வாங்கினாள், எதை விற்று வாங்கினாள் என்று தெரியவில்லை. அடுப்பங்கரை மாடத்தில் எப்போதும் இருக்கும் அவளுடைய கலியாணத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி இன்று இல்லை.

உதுமான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வேண்டாத கேள்வி கேட்டான்: "காக்கா, உங்க உம்மா இப்ப பெருநாளைக்கு யார் வீட்டுல இருப்பாங்க?"

சோறு ஆறுமுன் தின்னு என்றேன்.

1809 ஜனவரி 14

குளிர். டார்கஸுக்கு இருமல். என் கம்பளியை அவள் அறையில் போட்டேன். எனக்கு அது கடித்தது.

பிப்ரவரி 20

அமாசா வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறார். மார்ச் கடைசிவரை தவணை. டார்கஸின் பெயர் ஊர் ஏழைகள் பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலில் கையெழுத்திட்டவர் சபைத் தலைவர் அமாசா. வீட்டைப் பறித்தவர் முதலாளி அமாசா. இரண்டும் வேறு வேறு ஆள் என்று எழுத்தர் எனக்கு விளக்கினார்.

ஏலம் எப்போது என்று அவளிடம் கேட்டேன். "மார்ச் பதிமூணு," என்றாள். அவ்வளவுதான். பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

மார்ச் 8

தடைச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். பதினான்கு மாதம் தங்கள் கழுத்தைத் தாங்களே நெரித்துக்கொண்டதில் இங்கிலாந்துக்கு இருமல்கூட வரவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊரில் மணி அடித்தார்கள். 'டிஸ்பாட்ச்' இருபத்தேழாம் தேதி சுமத்திராவுக்கு மிளகு ஏற்றப் புறப்படுகிறது. அந்தத் தீவின் அச்சே துறையில் இறங்கினால் எங்கள் ஊர்க் கப்பல் எப்போதும் நிற்கும். அல்ஹம்துலில்லாஹ். எல்லாம் சரியாக நடந்தால் ஆறு மாதத்தில் பரங்கிப்பேட்டை.

உதுமான் மாடிப்படியில் குதித்துக் குதித்து ஏறினான்.

மார்ச் 11

டார்கஸ் என் கோட்டுக்குப் பொத்தான் தைத்து, மடித்து, பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள். அந்த இரும்புச் சட்டியையும் துலக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?"

"கப்பல்ல உனக்கு யாரு தனியாச் சமைப்பா? எடுத்துக்கிட்டுப் போ. ஹோசியா வீட்டுல எனக்கு இது தேவைப்படாது."

ஹோசியாதான் எடுப்பான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவனுக்கு ஆலைப் பெண்களின் துணி வெளுக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

இந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பதினாறு நாள்.

மார்ச் 13

ஊர்க்கூட்டம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

இவர்கள் ஜபம் செய்யும் கோவில்தான் கூட்ட மண்டபம். வேலி பிரித்த வழக்கு, பன்றிகளை அவிழ்த்துவிடலாமா என்ற வழக்கு, எல்லாம் முடிந்த பிறகு ஏழைகள். எலீஷாவின் பெயரைக் கூப்பிடவில்லை. ஜனவரியில் இறந்துவிட்டாராம். டார்கஸ் முதல் பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

"விதவை பெல். ஒரு வருஷம். சோறு, துணி, படுக்கை. யார் என்ன கேக்கிறீங்க?" என்றார் அமாசா.

நாற்பது என்றது ஒரு குரல். முப்பத்தாறு. ஹோசியா முப்பது என்றான். இருபத்தெட்டு. ஹோசியா இருபத்தைந்து என்றான். இருமலைப் பற்றி யாரோ கேட்டார்கள். "வேலை செஞ்சா இருமல் போயிடும்," என்றான் ஹோசியா. சிரித்தார்கள்.

அவளுடைய தொப்பியின் நாடா லேசாக ஆடியதைப் பார்த்தேன்.

இங்கே ஒரு தவறு நடந்தது. நான் துணி ஏலத்தில் பழகினவன். ஏலம் என்றால் கூட்டிக் கேட்பது, கேட்டவன் பணம் கொடுப்பது. அந்தப் பழக்கதோஷத்தில் எழுந்து, "பத்து டாலர் நான் தருகிறேன்," என்று சொல்லிவிட்டேன்.

கோவில் முழுக்கச் சிரிப்பு. ஹோசியா பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"மிஸ்டர் மெட்ராஸ்," என்றார் அமாசா, "இங்க நீங்க தரவேண்டாம். ஊர்தான் தரும். உங்களுக்கு முறை தெரியல. உட்காருங்க."

"எங்கள் ஊரில் ஏலத்தில் கேட்டதை வாபஸ் வாங்குவதில்லை," என்றேன். "கேட்டுவிட்டேன். இதைவிடக் குறைத்து யாராவது கேட்கட்டும்."

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் மனசுக்குள் கூட்டிக் கழிப்பது தெரிந்தது. அப்போது எழுத்தர் எழுந்து, இந்த ஆளை ஊரைவிட்டுப் போகச் சொல்லி ஆணை இருக்கிறது, வருஷம் முழுக்க ஊரில் இருப்பவன்தான் ஏழையை எடுக்கலாம் என்று நினைவூட்டினார்.

"ஆணைய ரத்து பண்ணுங்க," என்றான் பின்னாலிருந்து ஒருவன் எழுத்தரைப் பார்த்து. "வரி யாரு கட்டுறது, நீயா?"

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் ஒரே மூச்சில் எழுந்தது, ஹோசியாவின் கையைத் தவிர. ஒரு வருஷமாக நான் மனிதன் என்று இவர்களுக்கு நிரூபிக்க முடியவில்லை. இருபத்தைந்து டாலர் மிச்சம் என்றதும் நிரூபணமாகிவிட்டது.

"வருஷம் முழுக்க," என்றார் அமாசா என்னைப் பார்த்து, மெதுவாக. "கப்பல் இருபத்தேழாம் தேதி."

தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 14

காலையில் அமாசாவிடம் போனேன். ஆலையில் தரம் பார்க்க வருகிறேன், சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு அதே வீட்டை எங்களுக்கு விடவேண்டும் என்றேன். பிணத்துக்கு நாடி பார்க்கிறீர்களா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மறக்காதவர்கள் கேட்கமாட்டார்கள்.

சாயங்காலம் சாப்பிடும்போது டார்கஸ் ஸ்பூனை வைத்தாள்.

"போன ஜூலை, இதே மேசையில, குறைச்சுக் கேக்கிறவனுக்குத்தான்னு உனக்கு நான் சொன்னேன்."

"மறந்துவிட்டது."

"நாலு வருஷத்துக்கு முந்தின துணிப் பொதியோட நீளத்த நீ மனப்பாடமாச் சொல்லுவ."

"துணி வேறு."

"உனக்கு ஒரு மக இருக்கான்னு சொன்ன. கல்யாணம் நிக்குதுன்னு சொன்ன." அவள் குரல் உடைந்தது, முதல்முறையாக. "நான் உன்னக் கேட்டேனா? நான் யாரு உனக்கு?"

கிழங்கில் உப்பில்லை என்றேன். எழுந்து போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் சத்தமாக வைத்தாள். இத்தனை நாளும் அது அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 27

காலை பத்து மணிக்கு 'டிஸ்பாட்ச்' பாய் விரித்தது. உதுமானை வழியனுப்பத் துறைக்குப் போனேன். வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், என் மச்சானை வைத்து ஹவ்வாவின் நிக்காஹை முடித்துவிடும்படி எழுதியிருக்கிறேன்.

"உங்க உம்மாக்கு ஒண்ணும் எழுதலையே காக்கா."

"அவர்களுக்குப் படிக்கத் தெரியாது."

"நான் வாசிச்சுக் காட்டுறேன். சொல்லுங்க, என்ன சொல்ல?"

"பள்ளிவாசல் தெருவில் கடைசி வீடு. வாசலில் நின்று விசாரித்துவிட்டு வராதே. உள்ளே போ. எங்கே படுக்கிறார்கள் என்று பார். என்ன தட்டில் சோறு வைக்கிறார்கள், சோறு எவ்வளவு இருக்கிறது என்று பார்." அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "ஊரில் என் கணக்கைப் பார்க்கும் ரஹ்மத்துல்லாக் காக்காவிடம் என் மீதிப் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு உம்மாவை அந்த வீட்டிலிருந்து கூட்டிவந்து, தனியாக ஒரு வீடு பிடித்து, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்."

உதுமான் என்னையே பார்த்தான். "ஊரே பேசுச்சு காக்கா," என்றான். "எங்க நாகூர்வரைக்கும் வந்துச்சு. நம்பாமத்தான் இருந்தேன்." என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

கப்பல் முனையைத் தாண்டி மறையும்வரை நின்றேன். பிறகு ஆலைக்குப் போய் நூல் பார்த்தேன். கொஞ்சம் தேறியிருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் எல்லோரையும் அளந்துவிட்டேன். மிச்சம் ஓர் ஆள். எங்கள் உம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை, ஆண் மூவர். மூவரும் மாமனார் வீட்டில். வாப்பா மவுத்தானதும் துணிக்கு முன்பணம் கட்ட உம்மாவின் வீட்டை விற்றோம். பிறகு உம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று பாய் விரித்து உட்கார்ந்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். உம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டார் வருஷத்துக்கு எட்டு வராகன் கேட்டார்கள். இன்னொருவர் ஆறு. அண்ணன் ஆறுக்குச் சம்மதித்துவிட்டார். நான்தான் விடவில்லை. தரகன் அல்லவா. இன்னொரு வீட்டைப் பிடித்து நாலுக்கு முடித்தேன். அன்றைக்கு எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

குறைத்துக் கேட்பவனுக்கே ஆள் என்பதை டார்கஸ் எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியதே இல்லை.